தலையெழுத்தைப் பாடியவர்

லண்டனில் ஒரு வெளிநாட்டுத் தூதரகம். விருந்துக்கு வந்த பெரிய மனிதர்கள் பியானோவைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பாடுபவள் ஒரு டாக்டரின் மனைவி. கல்யாணத்துக்கு முன் பேர் வாங்கிய பாடகி. அந்தக் கூடத்துக்கு அவ்வளவு உரத்த குரல் தேவையே இல்லை. ஆனால், கடத்தப்பட்ட அவள் மகனை அதே கட்டடத்தின் மாடியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அவன் காதுக்கு எட்ட வேண்டும். எட்டுகிறது. பையன் அதே மெட்டை விசிலடிக்க, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தகப்பன் மாடி ஏறுகிறான்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ (1956) படத்தின் கடைசிக் கட்டம் இது. பாடுபவர் டோரிஸ் டே. பாட்டு ‘கே செரா செரா’. நாளை என்ன ஆகும் என்று கேட்கும் குழந்தையிடம், ‘அது நம் கையில் இல்லையம்மா’ என்று சொல்லும் பாட்டு. அதையே ஒரு தாய், விதி விட்ட வழி என்று சும்மா இருக்க மாட்டேன் என்பதற்காகப் பாடுகிறாள். ஹிட்ச்காக்கின் குறும்பு அதுதான்.

எழுதியவர்கள் ஜே லிவிங்ஸ்டன், ரே எவன்ஸ் என்ற இரட்டையர். ‘தி பேர்ஃபுட் கன்டெஸா’ (1954) பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையில் ஒரு பிரபுவின் மாளிகைக் கல்லில் பொறித்திருந்த குடும்ப வாசகம் லிவிங்ஸ்டன் கண்ணில் பட்டது. பாட்டுக்கு ஆகும் என்று குறித்துக்கொண்டார். படத்தில் தாய் மகனுக்குப் பாட ஒரு பாட்டு வேண்டும் என்று ஹிட்ச்காக் தரப்பு கேட்டபோது அது கைகொடுத்தது. விதியைப் பற்றிய பாட்டு என்றாலும், தொழில் தெரிந்த இருவர் கணக்குப் போட்டுச் செய்த சரக்கு. அவர்களுக்கு அது மூன்றாவது ஆஸ்கரையும் வாங்கித் தந்தது.

டோரிஸ் டேக்கோ பாட்டு பிடிக்கவே இல்லை. குழந்தைப் பாட்டு என்று நினைத்தார். ஒரே டேக்கில் பாடி முடித்துவிட்டு, இதை இனி யாரும் கேட்கப் போவதில்லை என்றாராம். பிரிட்டனில் அது முதலிடத்துக்கே போனது. அமெரிக்காவில் இரண்டாம் இடம். அதன்பிறகு சாகும்வரை அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது.

இந்தப் பாட்டைப் பாட அவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார். சின்சினாட்டியில் வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு நடனம்தான் கனவு. 1937இல், பதினைந்து வயதில், அவர் சென்ற காரில் ரயில் மோதி வலது கால் நொறுங்கியது. படுத்த படுக்கையில் ரேடியோவைக் கேட்டபடி, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குரலோடு கூடவே பாடிப் பழகினார். கால் போன வழியில் குரல் வந்தது.

1968இல் கணவர் மார்ட்டின் மெல்ச்சர் இறந்தார். அதன்பிறகுதான் தெரிந்தது, மனைவி சம்பாதித்ததெல்லாம் கரைந்து கடன் மட்டும் மிஞ்சியிருந்தது. போதாக்குறைக்கு, அவரைக் கேட்காமலே ஒரு தொலைக்காட்சித் தொடருக்கும் கணவர் ஒப்பந்தம் போட்டிருந்தார். ‘தி டோரிஸ் டே ஷோ’ 1973 வரை ஐந்து ஆண்டு ஓடியது. கடனை அடைக்க நடித்தார். அதன் முகப்பிசை எது என்று நான் சொல்ல வேண்டுமா? ஆனால், நடந்தது நடந்துவிட்டது என்று அவர் விட்டுவிடவில்லை. பணத்தை நிர்வகித்த வழக்கறிஞரைக் கோர்ட்டுக்கு இழுத்தார். 1974இல் சுமார் 2 கோடியே 28 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பானது. கைக்கு வந்தது அதில் ஒரு பங்குதான்.

படம் வந்த மறு ஆண்டே அந்த மெட்டு சேலம் வந்து சேர்ந்தது. மாடர்ன் தியேட்டர்ஸின் ‘ஆரவல்லி’ (1957) படத்தில் ஏ. எம். ராஜாவும் ஜிக்கியும் பாடிய ‘சின்னப் பெண்ணான போதிலே’ அதுதான். இசை ஜி. ராமநாதன். அதே ஆண்டில் ‘அம்பிகாபதி’க்கு ராகங்களை வாரி இறைத்த மனிதர், மூன்றடித் தாளத்தில் சுழலும் இந்த வால்ஸை ஏன் எடுத்தார்? பட முதலாளியின் ஆசையாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் கூச்சப்பட்டு எடுத்ததாகத் தெரியவில்லை. அசலில் முன்னிற்பது தாயின் குரல்; இங்கே ராஜாவின் குரலும் சேர்ந்ததில் பாட்டு காதலர் பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கு அதில் ஜிக்கியின் குரல்தான் ஒரு படி மேல். டோரிஸ் டே ஆறுதல் சொல்கிறார். ஜிக்கி கேள்வி கேட்கும் சிறுமியாகவே ஆகிவிடுகிறார்.

ராஜாவும் ஜிக்கியும் வாழ்க்கையிலும் ஜோடி சேர்ந்தார்கள். ‘கல்யாணப் பரிசு’ (1959) ராஜாவை இசையமைப்பாளராகவும் உச்சியில் ஏற்றியது. அங்கிருந்து அவர் வாய்ப்புகள் ஏன் சரிந்தன, 1989இல் வள்ளியூர் ரயில் நிலையத்தில் நடந்தது என்ன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)