குடியரசுத் தலைவருக்கு ஒரு மனு

2023 ஜூன் மாதம் போடிக்கு ரயில் திரும்பி வந்தபோது, வேடிக்கை பார்க்க நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற ஏலக்காய்த் தோட்டத்துப் பெரியவர், இரண்டாம் உலகப் போரில் இந்தப் பாதையின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போன கதையைச் சொன்னார். "வெள்ளக்காரன் நம்ம ஆளுகளக் கட்டாயமாப் பட்டாளத்துக்குப் பிடிக்கல. தண்டவாளத்தத்தேன் பிடிச்சுட்டுப் போனான்" என்று சிரித்தார். 1928-இல் வந்த ரயில், போர் முடிந்து பல வருடம் கழித்துத்தான் மறுபடி ஓடியது.

அவர் சொன்னதும் எனக்குப் பழைய பாட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி, படித்தது பிரெஞ்சில். போடி என் மனைவியின் ஊர். பாட்டின் பெயர் 'லெ தெசெர்த்தர்', அதாவது படையை விட்டு ஓடிப்போனவன். எழுதியவர் போரிஸ் வியான். எஞ்சினியர், நாவலாசிரியர், டிரம்பெட் வாசிப்பவர். கொஞ்ச காலம் தரநிர்ணய அலுவலகம் ஒன்றிலும் வேலை பார்த்தவர். அதனால்தானோ என்னவோ, பாட்டு அச்சு அசல் மனு மாதிரியே இருக்கும்.

படைக்கு வரச்சொல்லித் தாள் வந்த ஒருவன் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதுகிறான். மிகவும் பணிவான கடிதம். தங்களுக்கு நேரமிருந்தால் படியுங்கள், எனக்குப் போக விருப்பமில்லை, ரத்தம்தான் வேண்டுமென்றால் தாங்களே கொடுத்து வழிகாட்டலாமே என்கிற தொனி. நாற்பது வருடம் மனுக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான். இத்தனை மரியாதையாக ஒரு சர்க்காரைக் கிண்டல் செய்த மனுவை வேறெங்கும் பார்த்ததில்லை.

முதலில் பாட்டின் முடிவு வேறு. அவனிடம் ஆயுதம் இருக்கிறது, சுடவும் தெரியும் என்று வியான் எழுதியிருந்தார். பாட வந்த முலூஜி அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆயுதம் இல்லாதவன், சுடுவதானால் சுட்டுக்கொள்ளுங்கள் என்று மாறியது. எனக்கு மாற்றியதுதான் சரியென்று படுகிறது. முலூஜி அதை மேடையில் பாடிய நாள் 1954 மே 7. வியட்நாமில் தியென் பியென் பூ கோட்டை விழுந்ததும் அதே நாளில்தான்!

இந்தோசீனாவுக்குப் போனவர்கள் சம்பளப் பட்டாளம். அல்ஜீரியப் போர் தொடங்கியதும் கட்டாயச் சேவைப் பையன்களையே கப்பலேற்றினார்கள். அந்தப் போர் தொடங்கிய 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான் நம் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. 1955 ஜனவரியில் பாரிஸ் நகரமன்ற உறுப்பினர் போல் ஃபாபர் பாட்டுக்குத் தடை கேட்டார். வியான் அவருக்கும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆனாலும் வானொலியில் பாட்டு நின்றது. போர் முடிந்த 1962-இல்தான் தடை நீங்கியது. வியான் அதைப் பார்க்கவில்லை, 1959-இலேயே 39 வயதில் போய்விட்டார்.

நான் பாட்டைக் கற்றது பள்ளியில், ஒரு நண்பனிடம். 1962-இல் அவன் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக்கொடுத்தார், என் அப்பா கொடுக்கவில்லை. ஆறு மாதக் கெடு, ஒரு தாள், அவ்வளவுதான். அவன் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனான், நான் குமாஸ்தா ஆனேன்.

ஒருநாள் வீட்டுத் திண்ணையில் அதைப் பாடிக்கொண்டிருந்தேன். பெரியப்பா வந்து நின்றார். அவர் சொல்தா, இந்தோசீனாவில் காலில் குண்டுபட்டுத் திரும்பியவர். ஜூலை 14 வந்தால் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைப் போர்ச் சின்னத்துக்குப் போவார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன்.

"முழுசாப் பாடு" என்றார்.

பாடினேன். பாதி புரிந்திருக்கும். கடைசியில், "யார்ரா எழுதினது?" என்றார். சொன்னேன்.

"நல்லா எழுதியிருக்கான். என்னை யாரும் தாள் அனுப்பிக் கூப்பிடலே. நானாத்தான் போயிக் கையெழுத்துப் போட்டேன். வீட்ல அரிசி இல்லே."

பிறகு நொண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். மாதாமாதம் அவர் பென்ஷன் வாங்கப் போகும்போது படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தது நான்தான். அந்தப் பாட்டை அவர் முன்னால் மறுபடி பாடவில்லை.