சம்பளம் இல்லை, மேனேஜர் இல்லை... லினக்ஸில் சண்டை வந்தால் பஞ்சாயத்து பண்ணுவது யார்?

ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் லினக்ஸ் பயன்படுத்துபவர்தான். அந்த போனுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். 1991ல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்தது. இன்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து அதை எழுதுகிறார்கள்.

இதில் பலருக்கு அவரவர் கம்பெனி சம்பளம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் கெர்னலுக்கென்று ஒரு முதலாளி கிடையாது. யாரையும் வேலையை விட்டுத் தூக்க முடியாது, இன்கிரிமென்ட்டை நிறுத்த முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் இன்னொருவரைக் கண்டபடி திட்டினால் என்ன ஆகும்?

திட்டுவதே வழக்கமாக இருந்த காலம்

ரொம்ப நாளைக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், அதிகம் திட்டியவரே டோர்வால்ட்ஸ்தான். மோசமான கோடிங் அனுப்பினால் எல்லோரும் படிக்கிற மின்னஞ்சலிலேயே கிழித்துத் தொங்கவிடுவார். யூஎஸ்பி 3.0 பகுதியைக் கவனித்துவந்த டெவலப்பர் ஒருவர் 2013ல் இதை வெளிப்படையாகவே தட்டிக்கேட்டார். மரியாதைக்காக நடிக்கச் சொல்லாதீர்கள் என்ற ரீதியில்தான் பதில் வந்தது.

2015ல் ஒரு சின்ன விதிமுறை வந்தது. அதற்கு 'மோதல் விதி' என்று பெயர். உங்கள் கோடிங்கை விமர்சிப்பார்கள், அது சகஜம். தனிப்பட்ட முறையில் யாராவது தாக்கினால் புகார் கொடுங்கள் என்பதே அதன் சாரம். எது தாக்குதல், என்ன தண்டனை? அதெல்லாம் அதில் தெளிவாக இல்லை. அந்த வருடம் அக்டோபரில், 2013ல் கேள்வி கேட்ட அதே டெவலப்பர், தான் கெர்னல் வேலையை விட்டுவிட்டதாக அறிவித்தார்.

2018ல் என்ன மாறியது?

2018 செப்டம்பர் 16ஆம் தேதி டோர்வால்ட்ஸ் மன்னிப்பு கேட்டார். தன் நடத்தையால் சிலர் காயப்பட்டிருக்கலாம், சிலர் விலகியே போயிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, கொஞ்ச நாள் பிரேக் எடுத்தார். பழைய மோதல் விதி போய், விரிவான நடத்தை விதி வந்ததும் அதே சமயத்தில்தான். அக்டோபர் 22ஆம் தேதி 4.19 பதிப்பு வெளியானபோது அவர் திரும்பிவிட்டார்.

எல்லோரும் கைதட்டவில்லை. இனி கோடிங் தரத்தை விட்டுவிட்டு வார்த்தையைத்தான் அளப்பார்கள் என்று ஒரு தரப்பு பொருமியது. விதியை எப்படிப் புரிந்துகொள்வது என்று தனியாக ஒரு விளக்கமும் எழுத வேண்டியிருந்தது.

தண்டனை எப்படி?

2024ல்தான் விதிக்கு நிஜ சோதனை. பிகேச்எஃப்எஸ் என்பது, டிஸ்கில் ஃபைல்களை எப்படிச் சேமிப்பது என்பதைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். அதை உருவாக்கியவர், சக டெவலப்பர் ஒருவரை மின்னஞ்சலில் மோசமாகத் திட்டினார். நடத்தை விதிக் குழு தலையிட்டது. நவம்பரில், 6.13 பதிப்பு தயாராகும் காலம் முழுக்க அவர் அனுப்பும் கோடிங் ஏற்கப்படாது என்று முடிவானது.

அதையொட்டி நடைமுறையும் எழுத்தில் வந்தது. எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தால், முதலில் எல்லோர் முன்னாலும் மன்னிப்பு கேட்கச் சொல்வார்கள். மறுத்தால் குறிப்பிட்ட காலத்துக்குத் தடை. தடை விதிக்க, டெவலப்பர்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதாவது, விசாரிப்பது ஒரு குழு, தடைக்குத் தலையாட்ட வேண்டியது இன்னொரு குழு.

சிக்கல் என்னவென்றால், திட்டியவர் ஒருத்தர், அடி வாங்குவது இன்னொருத்தர். அவருடைய மென்பொருளை நம்பி டிஸ்கில் ஃபைல் வைத்திருப்பவர்களுக்குப் பிழைத்திருத்தங்களும் தாமதமாகுமே? தடையை எதிர்த்தவர்கள் கேட்டது இதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் திட்டு வாங்கிய டெவலப்பரும் வேலையை விட்டுப் போனால் அவர் பார்த்துவந்த பகுதிக்கு யார் பொறுப்பு என்பதும் அதே அளவு நியாயமான கேள்விதான்.

இரண்டாவது சண்டை

2025ல் அதே டெவலப்பருடன் அடுத்த மோதல். இந்த முறை பிரச்சனை வார்த்தை இல்லை, வேலை முறை. கெர்னலின் ஒவ்வொரு பதிப்பிலும் முதல் இரண்டு வாரம்தான் புது வசதிகளுக்கு இடம். பிறகு சுமார் ஏழு வாரம் பிழைத்திருத்தம் மட்டும். 6.16 பதிப்பில் அந்தக் கெடு முடிந்த பிறகு, ஃபைல்களை மீட்க உதவும் புது வசதி ஒன்றை அவர் அனுப்பினார். பயனாளர்களின் டேட்டாதான் முக்கியம் என்பது அவர் வாதம். கெடு எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது மறுதரப்பு.

டோர்வால்ட்ஸ் அதை ஏற்றுக்கொண்டார். கூடவே, அடுத்த பதிப்பில் நாம் பிரிந்துவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார். 6.17ல் அந்த மென்பொருளுக்குப் புது அப்டேட் எதுவும் சேர்க்கப்படவில்லை. 6.18ல் அதை மொத்தமாகவே நீக்கிவிட்டார்கள்.

ஆனாலும் அது அழிந்துபோகவில்லை. திறந்த மூல மென்பொருள் என்பதால், வெளியே வைத்து வளர்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. உருவாக்கியவர் இப்போதும் வெளியிலிருந்து வேலையைத் தொடர்கிறார். லினக்ஸுடன் தானாக வந்துகொண்டிருந்ததை, வேண்டுபவர்கள் இனி தனியாக இன்ஸ்டால் செய்துகொள்ள வேண்டும்.