அலுமினியப் படகுத் துப்புரவும் மெருகும்

அலுமினியக் கலவைத் தகட்டால் கட்டிய படகின் உடலிலிருந்து உப்பு, பாசி, கொட்டலசு, வெண்பொடி ஆகியவற்றை நீக்கி, வேண்டிய இடத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கும் பராமரிப்பு வேலை. சென்னைக் கரையின் மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலானவை இன்று ஃபைபர். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தை அவை வேகமாகப் பிடித்தன. எடை குறைந்து வேகம் கூட வேண்டிய படகுகளுக்கே அலுமினியம். கடலோரக் காவல் படைக்காக எல் அண்ட் டி கட்டிய 54 இடைமறிப்புப் படகுகள் இந்த வகை; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 28 மீட்டர் நீளம், 45 நாட் வேகம்.

உலோகத்தின் இயல்பு

படகுக்கு வழக்கமாகப் பயன்படுவது 5083, 5086, 5052 ஆகிய மக்னீசியக் கலவைகள். 5083-இல் மக்னீசியம் 4 முதல் 4.9 விழுக்காடு. காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடுப் படலம் உண்டாகிறது. உலோகத்தைக் காப்பது அதுதான். கடும் அமிலத்திலும் காரத்திலும் அது கரையும். உப்பிலுள்ள குளோரைடு அதில் ஊசித்துளை போடும். காப்பது இந்தப் படலமே என்பதால், மங்கிய சாம்பல் நிறப் படகு பழுதான படகு அல்ல. கண்ணாடிபோல் மின்னும் படகுக்கு ஆயுள் கூடுதல் என்பதும் இல்லை. ஒவ்வொரு மெருகும் சிறிதளவு உலோகத்தைத் தின்றுவிடுகிறது. நீர்க்கோட்டுக்கு மேலே அழகுக்காக மெருகேற்றலாம். கீழே தேவைப்படுவது துப்புரவு மட்டுமே.

அரிமானம் தமிழ்நாட்டில் நன்கு ஆராயப்பட்ட துறை. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்தில் கடலோர ஆய்வு நிலையம் வைத்து உலோகத் தகடுகளை உப்புக்காற்றிலும் கடல்நீரிலும் சோதித்துவந்திருக்கிறது. தென்சென்னைப் புறநகரான மேடவாக்கத்துக்குப் பக்கத்திலேயே, பள்ளிக்கரணையில் வேளச்சேரி–தாம்பரம் சாலையில் இருக்கிறது 1993-இல் தொடங்கிய தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். கடலில் நிறுத்திய கருவிகள் மேல் உயிரினங்கள் ஒட்டுவது அங்குள்ளவர்கள் நாளும் எதிர்கொள்ளும் சிக்கல்.

செய்முறை

கரையேற்றிய உடனே, ஈரம் காயும் முன், நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுவதே வேலையில் பாதி. கொட்டலசு காய்ந்துவிட்டால் அதன் சுண்ணாம்பு அடித்தட்டு உலோகத்தோடு இறுகிவிடும். ஈரத்தில் மரச் சட்டமோ பிளாஸ்டிக் சுரண்டியோ போதும். தென்சென்னைப் புறநகர்களில் பல வீடுகளின் போர்வெல் தண்ணீர் கடினமானது. அதில் கழுவினால் துணியால் துடைத்து உலர்த்த வேண்டும், இல்லையேல் வெள்ளைத் திட்டு படியும்.

அடுத்து மிதமான சோப்புக் கரைசல், நைலான் பிரஷ். இரும்புக் கம்பி பிரஷும் இரும்பு நாரும் கூடவே கூடாது; அவற்றின் துகள் தகட்டில் பதிந்து, துருப்பிடித்து, சுற்றிலும் குழி பறிக்கும். சலவை சோடா அலுமினியப் பாத்திரத்தைக் கறுக்க வைப்பதை வீட்டில் பார்த்திருப்போம், படகுக்கும் அதேதான். காஸ்டிக் சோடா இன்னும் மோசம், உலோகத்தையே கரைத்து ஹைட்ரஜனை வெளிவிடும். கழிப்பறை ஆசிடையும் விலக்க வேண்டும். விடாத கறைக்கு நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் கலந்த அலுமினியக் கிளீனரைக் கையுறை, கண்ணாடி அணிந்து, நிழலில், கீழிருந்து மேலாகச் சிறு பகுதிகளாகப் பூசிக் காயவிடாமல் கழுவலாம். மேலிருந்து பூசினால் வழியும் கோடுகள் கறையாக நின்றுவிடும்.

மெருகுக்கு உப்புத்தாள் 320-இல் தொடங்கி 400, 600, 1000 என்று ஏற வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போனதா என்று தெரியும். தண்ணீர் தெளித்துத் தேய்ப்பது நல்லது. உலர்ந்த அலுமினியத் தூள் தீப்பிடிக்கக்கூடியது. பின் கம்பளிப் பட்டை மாட்டிய பஃபிங் மிஷினில் மெருகுக் காம்பவுண்டு. அப்போது கறுப்பாக வழிவது உலோகத் தூள் கலந்த காம்பவுண்டு, அஞ்ச வேண்டாம். கடைசியில் மெழுகு. உப்புக்காற்றில் இந்தப் பளபளப்பு நீடிக்காது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

பூச்சும் மின்முனையும்

பாசி தடுக்க விற்கும் செம்பு ஆக்சைடு பெயின்டை வெறும் அலுமினியத்தில் பூசவே கூடாது. செம்பும் அலுமினியமும் கடல்நீரில் சேர்ந்தால் மின்கலமாகி, அலுமினியம்தான் கரையும். முன்பு இதற்கு மாற்றாக இருந்த டிரைபியூட்டைல் டின் பூச்சு, நத்தைகளையும் சிப்பிகளையும் கெடுத்ததால் பன்னாட்டு ஒப்பந்தப்படி 2008 முதல் தடை. இப்போது எபாக்சி அடிப்பூச்சின் மேல் செம்பில்லாத பெயின்டோ, உயிரினம் வழுக்கிவிடும் சிலிக்கான் பூச்சோ தருகிறார்கள். படகுக்குப் பதிலாகத் தாமே கரையும், அலுமினியம்–துத்தநாகம்–இண்டியம் கலந்த பலி மின்முனைக் கட்டிகளையும் பொருத்தலாம். அவற்றின் மேல் பெயின்ட் பட்டால் வேலை செய்யா.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு உப்பங்கழியில் மழைக்காலத்தில் நன்னீர் கலக்கிறது, கோடையில் உப்பேறுகிறது. அங்கு ஓடும் படகை ஒவ்வொரு பருவத்திலும் பார்ப்பது நல்லது. மேடவாக்கத்தில் வீட்டு வாசலில் வைத்துக் கழுவுகிறவர் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இப்பகுதியின் மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தைத்தான் சேர்கிறது. சதுப்புநிலம் 2022 முதல் ராம்சர் ஈரநில ஒப்பந்தத் தலம். சுரண்டிய பெயின்டையும் காம்பவுண்டுக் கழிவையும் தார்ப்பாய் விரித்துச் சேகரித்து, தீங்கான குப்பையாகத் தனியே ஒப்படைக்க வேண்டும். வாசல் வடிகாலில் விடக் கூடாது.