லீட்: ஜெர்மன் கலைப்பாடல்

லீட் என்பது ஜெர்மன் கவிதை ஒன்றைத் தனிக்குரலுக்கும் பியானோவுக்குமாக இசையமைத்த சிறு பாடல்வகை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீட்டுக்கூடங்களில் பாடப்பட்ட எளிய பாட்டாக உருப்பெற்ற இது, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ரொமான்டிக் இயக்கத்தின் முதன்மையான கலைவடிவங்களுள் ஒன்றாயிற்று. பெரும்பாலான பாடல்கள் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். ஓபராவுக்குரிய மேடையும் வேடமும் வாத்தியக் குழுவும் இதற்கு வேண்டுவதில்லை. கவிதையின் சொற்களைப் பாடகர் சொல்கிறார். சொற்கள் விட்டுச்சென்றதைப் பியானோ சொல்கிறது. ஆகவே லீட் வடிவத்தின் வரலாற்றைப் பியானோவின் பங்கு படிப்படியாகக் கூடிவந்த வரலாறாகவும் படிக்கலாம்.

தோற்றம்

ஜெர்மன் மொழியில் பாட்டு எழுதும் மரபு இடைக்காலத்திலிருந்தே தொடர்ந்து வருவது. எனினும் இங்குக் குறிப்பிடும் கலைப்பாடலின் கதை வழக்கமாக யோஹான் கோட்ஃபிரீட் ஹெர்டரிலிருந்து தொடங்கப்படுகிறது. ஒரு மக்கள்கூட்டத்தின் உயிர் அதன் நாட்டுப்பாடல்களில் இருக்கிறது என்று வாதிட்ட ஹெர்டர், பல மொழிகளின் பாடல்களைத் திரட்டி 1778, 1779ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அகிம் ஃபான் ஆர்னிம், கிளெமென்ஸ் பிரென்டானோ ஆகிய இருவரும் 1805 முதல் 1808 வரை வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்பு இந்த ஆர்வத்தை மேலும் வளர்த்தது. அவர்கள் பாடல்களை உள்ளபடியே பதிவுசெய்தார்களா, தங்கள் விருப்பப்படி திருத்தினார்களா என்பது பற்றி அக்காலத்திலேயே சர்ச்சை இருந்தது. பல இடங்களில் திருத்தியிருக்கிறார்கள் என்பதே இன்றைய ஆய்வாளர்களின் பொதுக்கருத்து.

இசையமைப்பாளர்களும் இதே வழியில் சென்றனர். யோஹான் ஆபிரகாம் பீட்டர் ஷுல்ட்ஸ் 1782இல் நாட்டுப்பாடல் பாணியிலான பாடல்களை வெளியிட்டார். யோஹான் ஃபிரீட்ரிஹ் ரைஹார்ட்டும் கார்ல் ஃபிரீட்ரிஹ் செல்ட்டரும் கதேயின் கவிதைகள் பலவற்றுக்கு இசையமைத்தனர். எல்லாச் சரணங்களுக்கும் ஒரே மெட்டு, குரலைத் தாங்கிப்பிடிக்கும் அளவுக்கு மட்டும் பியானோ என்பதே இவர்களின் முறை. கதே விரும்பியதும் இதைத்தான். இசை கவிதைக்குப் பணிவிடை செய்ய வேண்டும், அதை விழுங்கிவிடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

மோட்சார்ட் 1785இல் கதேயின் கவிதை ஒன்றுக்கு இசையமைத்தார். ஷ்டுட்கார்ட்டின் ட்சும்ஷ்டேக் நீண்ட கதைப்பாடல்களை எழுதினார். இளம் ஷூபர்ட் அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு பயின்றார். பேத்தோவனின் 1816ஆம் ஆண்டுப் பாடல்தொகுதி, தொலைவிலுள்ள காதலியை நோக்கிய ஆறு பாடல்களை இடைவெளியின்றிப் பியானோவால் இணைத்தது. இதுவே முதல் பாடல்மாலை என்று பல நூல்கள் கூறும். முன்னரே இத்தகைய முயற்சிகள் இருந்தன என்று காட்டுவோரும் உண்டு.

ஷூபர்ட்டும் வியன்னாவும்

லீட் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவாகியிருப்பது பிரான்ஸ் ஷூபர்ட்டின் காலம். இவர் 1797 ஜனவரி 31 அன்று வியன்னாவின் புறநகரில் பள்ளியாசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, 1828 நவம்பர் 19 அன்று 31 வயதில் மறைந்தார். அதற்குள் 600க்கும் மேற்பட்ட பாடல்களை எழுதியிருந்தார்.

1814 அக்டோபர் 19 என்ற நாளை இவ்வடிவத்தின் பிறந்தநாளாகச் சிலர் குறிப்பர். அன்று 17 வயது ஷூபர்ட், கதேயின் ஃபௌஸ்ட் நாடகத்தில் கிரெட்ஷென் இராட்டையில் நூற்றபடி பாடும் பகுதிக்கு இசையமைத்தார். பியானோவில் வலக்கை சுழலும் சக்கரமாகவும் இடக்கை மிதிகட்டையாகவும் ஒலிக்கின்றன. காதலனின் முத்தத்தை அவள் நினைக்கும் இடத்தில் சக்கரம் நின்றுபோகிறது. பிறகு பியானோ சக்கரத்தைத் திருப்ப முயன்று நிற்கிறது, மறுபடி முயல்கிறது, அதன்பின்னரே சுழற்சி தொடர்கிறது. தன்னை மறந்த ஒரு பெண் மீண்டும் வேலைக்குத் திரும்புவதை ஒரு சொல்லும் இல்லாமல் காட்டும் இந்தச் சில நொடிகளுக்கு நிகராக முந்தைய பாடல்களில் எதையும் காட்டுவது அரிது.

அடுத்த ஆண்டான 1815இல் ஏறத்தாழ 140 பாடல்கள் பிறந்தன. அவற்றுள் ஒன்று கதேயின் எர்ல்கோனிக். இரவில், நோயுற்ற மகனை அணைத்தபடி குதிரையில் விரைகிறார் தந்தை. பையனின் கண்ணுக்கு மட்டும் ஆவியரசன் தெரிகிறான். கதைசொல்லி, தந்தை, மகன், ஆவியரசன் என நால்வரின் குரலையும் பாடகர் ஒருவரே ஏற்க வேண்டும். மகன் அலறும் ஒவ்வொரு முறையும் சுரம் ஒரு படி மேலேறுகிறது. ஆவியரசனின் ஆசைவார்த்தைகளோ இனிய மேஜர் சுரங்களில், மென்மையாக வருகின்றன. பியானோ கலைஞரின் வலக்கை குதிரைக் குளம்பொலியாக ஒரே சுரத்தை மும்மூன்றாக இடைவிடாது அடித்துக்கொண்டிருக்கும்; கடைசி வரியில் அதுவும் அடங்கிவிட, மகன் இறந்த செய்தியைக் குரல் கிட்டத்தட்டத் தனியாகச் சொல்லி முடிக்கிறது. இந்த வலக்கை வேலை ஷூபர்ட்டுக்கே கடினமாக இருந்ததால் அவர் அதை எளிமைப்படுத்தி வாசித்தார் என்பர். எளிய தாளத்தில் அமைந்த கையெழுத்துப் படி ஒன்றும் உள்ளது.

இப்பாடல் ஒரே பிற்பகலில், கவிதையைப் படித்த வேகத்தில் எழுதப்பட்டது என்னும் கதை நண்பர் யோசப் ஃபான் ஷ்பௌனுடையது. அவர் பல பத்தாண்டுகளுக்குப் பின் எழுதிய நினைவுக்குறிப்பு என்பதால், அதை முழுமையாக ஏற்கத் தயங்குவோர் உள்ளனர்.

ஷ்பௌன் 1816இல் இப்பாடல் உள்ளிட்ட கதே பாடல்களைத் திரட்டி, பணிவான கடிதத்துடன் கவிஞருக்கு அனுப்பினார். தொகுப்பு பதிலின்றித் திரும்பிவந்தது. கதே அதைப் பார்த்து வெறுத்தாரா, பார்க்கவே இல்லையா என்பது தீராத கேள்வி. 1825இல் ஷூபர்ட்டே அனுப்பிய பாடல்களுக்கும் பதில் வரவில்லை. 1830இல் பாடகி வில்ஹெல்மினா ஷ்ரோடர் தேவ்ரியன் எர்ல்கோனிக்கைப் பாடக் கேட்டபோது கதே மனம் நெகிழ்ந்தார் என்று கூறப்படுகிறது. அப்போது ஷூபர்ட் உயிருடன் இல்லை.

லைப்சிக் நகரப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பிய எர்ல்கோனிக் படிக்கு நேர்ந்ததும் பதிவாகியுள்ளது. பிரான்ஸ் ஷூபர்ட் என்னும் அதே பெயருடைய வேறொரு இசைக்கலைஞர் டிரெஸ்டனில் இருந்ததால் பதிப்பகம் அதை அவருக்கு அனுப்பிவிட்டது. அவர் 1817இல், இப்படியொரு படைப்பைத் தாம் எழுதவே இல்லை என்று கோபத்துடன் பதில் எழுதினார். இறுதியில் நண்பர்கள் முன்பதிவு செய்து செலவை ஏற்றதால் 1821இல் எர்ல்கோனிக் ஷூபர்ட்டின் முதல் வெளியீடாக அச்சேறியது. அதே ஆண்டு மார்ச் 7 அன்று அரசவை ஓபராப் பாடகர் யோஹான் மிஹாயெல் ஃபோகல் அதை வியன்னா மேடையில் பாடினார். ஷூபர்ட்டைவிட ஏறக்குறைய 29 வயது மூத்தவரான ஃபோகல், இப்பாடல்களைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர்.

இப்பாடல்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் ஒலித்தன. நண்பர்கள் கூடி ஷூபர்ட்டின் இசையைக் கேட்ட மாலைகளை ஷூபர்ட்டியாட் என்று அழைத்தனர். அக்கால வியன்னா பியானோக்களும் இதற்கு இசைந்தன. அவற்றின் சுத்தியல்கள் தோல் போர்த்தியவை, ஒலி தெளிவாக எழுந்து விரைவில் மங்கும், குரலை மூழ்கடிக்காது.

வீட்டுக்குள் ஒதுங்கிய இந்த வாழ்க்கைக்கு அரசியலும் காரணம். ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கின் காலத்தில் தணிக்கையும் உளவும் கடுமையாக இருந்தன. 1820இல் கவிஞர் யோஹான் சென்னின் அறையைப் போலீசார் சோதித்தபோது ஷூபர்ட்டும் அங்கிருந்தார். சென் ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்து, பின் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார். அவருடைய இரு கவிதைகளுக்கு ஷூபர்ட் பின்னர் இசையமைத்து வெளியிட்டார்.

இரு பாடல்மாலைகள்

வில்ஹெல்ம் மியூல்லரின் கவிதைகளைக் கொண்டு ஷூபர்ட் இரு பாடல்மாலைகளை அமைத்தார். 1823ஆம் ஆண்டின் 20 பாடல்கள், மாவாலைக்காரரின் மகளைக் காதலித்து அவளை வேட்டைக்காரனிடம் இழக்கும் தொழிலாளி ஒருவனின் கதை. அவனுக்கு வழிகாட்டுவதும், முடிவில் தன்னுள் அவனை ஏற்றுத் தாலாட்டுவதும் ஓர் ஓடை. அந்த ஓடையின் ஓட்டத்தைப் பியானோவே சுமக்கிறது.

1827இல் எழுதிய பனிக்காலப் பயணம் 24 பாடல்கள் கொண்டது. காதலில் தோற்ற ஒருவன் நள்ளிரவில் ஊரைவிட்டு வெளியேறிப் பனியில் நடக்கிறான் என்பதற்கு மேல் கதை ஏதுமில்லை. மியூல்லர் முதலில் 12 கவிதைகளை மட்டும் வெளியிட்டிருந்தார். ஷூபர்ட் அவற்றுக்கு இசையமைத்த பிறகே முழுத்தொகுதியைக் கண்டு எஞ்சியவற்றைப் பின்னே சேர்த்தார். இதனால் பாடல்களின் வரிசை மியூல்லரின் இறுதி வரிசையிலிருந்து வேறுபடுகிறது. எது பொருத்தமானது என்பதில் பாடகர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. பெரும்பாலோர் ஷூபர்ட்டின் வரிசையையே பின்பற்றுகின்றனர்.

நண்பர்கள் முன் ஷூபர்ட் இவற்றைப் பாடிக்காட்டியபோது அவற்றின் இருண்ட தன்மை அவர்களைத் திகைக்கவைத்தது என்றும், பிரான்ஸ் ஃபான் ஷோபர் லிண்டன் மரத்தைப் பற்றிய பாடல் மட்டுமே தமக்குப் பிடித்ததாகச் சொன்னார் என்றும் ஷ்பௌன் எழுதியுள்ளார். மற்ற எல்லாப் பாடல்களையும்விட இவையே தமக்குப் பிடித்தவை, நீங்களும் விரும்பத்தான் போகிறீர்கள் என்பது ஷூபர்ட்டின் விடையாம்.

இறுதிப்பாடலில், ஊருக்கு வெளியே வெறுங்காலுடன் பனியில் நின்று, கைப்பிடியைச் சுழற்றி வாத்தியம் இசைக்கும் கிழவன் ஒருவன் வருகிறான். அவன் தட்டு காலியாகவே இருக்கிறது. கேட்பார் எவரும் இல்லை. பியானோவின் இடக்கை இரண்டே சுரங்களைச் சுருதிபோல முதலிலிருந்து முடிவுவரை பிடித்திருக்க, வலக்கை ஒரு சிறு மெட்டை இடையிடையே சொல்கிறது. இவ்வளவு குறைந்த சுரங்களால் இவ்வளவு தனிமையைச் சொன்ன பாடல் லீட் மரபில் வேறில்லை என்று துணிந்து கூறலாம்.

முதற்பகுதி 1828 ஜனவரியில் வெளிவந்தது. இரண்டாம் பகுதியின் அச்சுப்படிகளை ஷூபர்ட் மரணப்படுக்கையில் திருத்தினார். அது அவர் மறைந்தபின் வெளிவந்தது. மரணத்தின் காரணம் டைபாய்டு காய்ச்சல் என்றும், 1822 முதல் அவரை வருத்திய மேகநோய் என்றும் இரு கருத்துகள் உண்டு. மியூல்லர் 1827 செப்டம்பரிலேயே இறந்துவிட்டார். தம் கவிதைகளுக்கு ஷூபர்ட் இசையமைத்ததை அவர் அறிந்திருக்கமாட்டார் என்றே கருதப்படுகிறது.

ஷூமானும் பிறரும்

ராபர்ட் ஷூமான் 1840வரை பெரும்பாலும் பியானோவுக்கே எழுதினார். கிளாரா வீக்கை மணக்க அவள் தந்தையுடன் வழக்காடிக்கொண்டிருந்த அந்த ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார். செப்டம்பர் 12 அன்று, கிளாராவின் 21ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், திருமணம் நடந்தது. ஹைனேயின் கவிதைகளாலான கவிஞனின் காதல் என்ற தொகுதியின் முதற்பாடல் முடிவு பெறாத சுரத்தொகுதியில் தொக்கி நிற்கிறது. கடைசிப் பாடலில் குரல் ஓய்ந்தபின் பியானோ மட்டும் நெடுநேரம் பேசுகிறது. ஷூபர்ட் பியானோவுக்குக் கொடுத்த உரிமையை ஷூமான் இறுதிச்சொல்வரை நீட்டினார் எனலாம்.

கிளாரா ஷூமான், கணவருடன் இணைந்து 1841இல் வெளியிட்ட ரியூக்கெர்ட்டின் கவிதைகளுக்கான 12 பாடல்களில் மூன்றை எழுதினார். ஃபானி ஹென்ஸல் 250க்கும் மேற்பட்ட பாடல்களை எழுதியவர். அவற்றுள் ஆறு, தம்பி ஃபெலிக்ஸ் மென்டெல்ஸோனின் பெயரிலேயே வெளிவந்தன. 1842இல் விக்டோரியா அரசி தமக்குப் பிடித்ததாகப் பாடிய பாடல் அக்காவுடையது என்று ஃபெலிக்ஸ் அவரிடமே ஒப்புக்கொண்டார். ஃபானி தம் பெயரில் முதற்தொகுதியை 1846இல் வெளியிட்டார். மறு ஆண்டு மறைந்தார்.

கார்ல் லோவ கதைப்பாடல்களுக்குப் பெயர்பெற்றவர். பிராம்ஸ் ஏறத்தாழ 200 பாடல்கள் எழுதினார். ஹூகோ வொல்ஃப் 1888இல் மோரிக்கவின் கவிதைகளுக்கு 53 பாடல்கள் அமைத்தார். கவிதையின் ஒவ்வொரு அசையையும் பின்தொடரும் நுணுக்கம் அவருடையது. மாலர் லீட்டை வாத்தியக் குழுவுக்குக் கொண்டுசென்றார்.

மேடையும் ஒலிப்பதிவும்

வீட்டிலிருந்து கச்சேரி மேடைக்கு இவ்வடிவம் மெல்லவே நகர்ந்தது. ஷூபர்ட்டின் மாவாலைப் பாடல்மாலையை முழுமையாகப் பொதுமேடையில் முதலில் பாடியவர் யூலியஸ் ஷ்டோக்ஹௌஸன். இது வியன்னாவில் 1856இல் நடந்தது.

20ஆம் நூற்றாண்டில் ஷோன்பெர்க் ஷ்டெஃபான் கெயார்கவின் கவிதைகளைக் கொண்டு 15 பாடல்களை அமைத்தார். ஹான்ஸ் ஐஸ்லர் நாடுகடந்து ஹாலிவுட்டில் வாழ்ந்தபோது பிரெக்டின் கவிதைகளைப் பாடல்களாக்கினார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1948இல் எழுதிய நான்கு இறுதிப் பாடல்கள், அவர் மறைந்தபின் 1950இல் லண்டனில் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் பாட அரங்கேறின. ரொமான்டிக் லீட்டின் நிறைவாக இவற்றைக் கருதுவது வழக்கம்.

டீட்ரிஹ் ஃபிஷர் டீஸ்கௌ, பியானோ கலைஞர் ஜெரால்ட் மூருடன் சேர்ந்து ஷூபர்ட்டின் ஆண்குரல் பாடல்களில் பெரும்பகுதியை ஒலிப்பதிவு செய்தார். பின்வந்த ஒரு தலைமுறை பாடகர்கள் அவரைக் கேட்டே கற்றனர். உடன் வாசிப்பவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த பியானோ கலைஞருக்குப் பாடகருக்கு இணையான மதிப்புக் கிடைக்க மூர் பெரிதும் காரணமானவர்.

ஹான்ஸ் ட்ஸென்டர் 1993இல் பனிக்காலப் பயணத்தைச் சிறு வாத்தியக் குழுவுக்கு மாற்றியமைத்தார். ஆணின் குரலாகக் கருதப்பட்ட இப்பாடல்மாலையைப் பாடும் பாடகியர் பெருகியுள்ளனர். லோட்டே லேமான் 1940களின் தொடக்கத்திலேயே அதற்கு வழிகாட்டியிருந்தார். ஃபானி ஹென்ஸலின் பாடல்கள் அண்மைப் பத்தாண்டுகளில் அவர் பெயரிலேயே பதிப்பிக்கப்பட்டு, கச்சேரிகளில் இடம்பெற்று வருகின்றன.