ஒருத்தி படிக்க, தெருவே கேட்டது

வை.மு.கோதைநாயகி அம்மாள் தம் முதல் நாடகமான ‘இந்திரமோகனா’வைத் தம் கையால் எழுதவில்லை. அப்போது அவருக்கு எழுத வராது. 1901-இல் பிறந்து, ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணியில் வாழ்க்கைப்பட்டவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்வார். அந்தக் கதைவளம் நாடகமானபோது, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் தோழி பட்டம்மாள். 1924-இல் அது அச்சேறியது. மறு வருஷமே ‘ஜகன்மோகினி’ மாத இதழை ஏற்று நடத்தத் தொடங்கிவிட்டார். 35 ஆண்டுகள், 115 நாவல்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனார். அங்கேயும் நாவல் எழுதினார். அவர் கதையைப் படிப்பதற்காகவே எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் உண்டு என்பார்கள்.

பெண்கள் கூடி உட்கார்ந்து புத்தகம் படிப்பது நேற்றுப் பட்டணத்திலிருந்து வந்த நாகரிகம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வது. கும்பகோணத்தில் நாங்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். ‘வாசிப்பு வட்டம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயர்தான் புதுசு.

கோதைநாயகிக்கும் முன்னால் பெரிய எழுத்துப் புத்தகங்கள் இருந்தன. அல்லியரசாணி மாலை, நல்லதங்காள் கதை. படிக்கத் தெரிந்த ஒருத்தி ராகம் போட்டு வாசிப்பாள். மற்றவர்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு கேட்பார்கள். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் இடம் வந்தால் முறத்தில் கை ஓடாது. தனியாக, வாய் திறக்காமல் படிப்பது பின்னால் வந்த பழக்கம்.

என் பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து எனக்கு ஒரு பைண்டு வால்யூம் வந்தது. இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்துத் தைத்தது. முதுகில் காலிகோ துணி. நடுவே இரண்டு அத்தியாயங்கள் இல்லை. விட்டுப்போன கதையை யாரோ கோடு போட்ட தாளில் பென்சிலால் சுருக்கி எழுதி அந்த இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கடைசி அட்டையின் உட்புறம், இரவல் வாங்கிப்போனவர்கள் பட்டியல்: மேலாத்து மன்னி, கோடியாத்துச் சித்தி, எதிராத்து மாமி. திருப்பிக் கொடுத்தவர்களுக்கு ஒரு டிக். சித்திக்கு டிக் இல்லை. ஆனால் புத்தகம் என்னிடம் இருக்கிறது, எப்படியோ திரும்பியிருக்கிறது.

அந்தப் பட்டியலைப் பார்த்து நான் பெருமைப்பட்டதும் உண்டு, சங்கடப்பட்டதும் உண்டு. இரவல் போனதெல்லாம் ஒரே தெருவுக்குள். விதவை மறுமணத்தைப் பற்றிக் கண்ணீர் விட்டுப் படித்தவர்கள், கொல்லைப்புறம் வந்து சாணி தட்டிப்போனவளைத் திண்ணையில் உட்காரவைத்துக் கதை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் எங்கள் பக்கத்திலேயே வேறு பெண்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மாயவரத்துக்கு அருகே மூவலூரில் தேவதாசி மரபில் வளர்ந்த ராமாமிர்தம் அம்மையார், அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்து ‘தாசிகள் மோசவலை’ நாவலை 1936-இல் வெளியிட்டார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1947-இல். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம், மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர், 1938-இல் ‘காதலா? கடமையா?’ எழுதினார். உ.வே.சாமிநாதையர் முன்னுரை கொடுத்தார். கும்பகோணத்திலிருந்து நாகூருக்குக் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். பாட்டியின் பெட்டியில் இந்த இரண்டு புத்தகமும் இல்லை.

பிறகு ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்கே போய், உப்பளத் தொழிலாளர்களோடு பழகி ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். நல்ல நாவல். ஆனாலும் போய்ப் பார்த்து எழுதுவது ஒன்று, அங்கேயே பிறந்தவள் எழுதுவது வேறு. 1989-இல் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’, 1992-இல் பாமாவின் ‘கருக்கு’, 2004-இல் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வந்த பிறகுதான் திண்ணை அகலமானது என்பது என் கணிப்பு.

‘கருக்கு’ எடுத்த மாதம், “நடை கொஞ்சம் கொச்சையா இருக்கே” என்றார் எங்கள் வட்டத்தின் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அங்கன்வாடி உதவியாளர் ஒருவர் எழுந்து, “எங்க வீட்ல இப்பிடித்தான் டீச்சர் பேசுவோம். குடுங்க, நான் வாசிக்கிறேன்” என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டார். அவர் வாயால் கேட்டபோதுதான் அந்த நடையின் வேகமும் கேலியும் எங்களுக்குப் பிடிபட்டன. டீச்சரே, “இன்னொரு பக்கம் படிம்மா” என்றார். அன்றிலிருந்து எந்தப் புத்தகமானாலும் ஓர் அத்தியாயமாவது யாராவது வாய்விட்டுப் படித்தாக வேண்டும்.

படிப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் ‘ஜகன்மோகினி’யோ, பாட்டி தைத்துவைத்த தொடர்கதையோ, அட்டை போன பழைய நாவலோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள். இரவல் பட்டியல் எழுதிய அட்டையை மட்டும் கிழித்துவிட வேண்டாம்.