காணப்படாத கை

தச்சன் செய்த கதவைக் காண்போர் மரத்தைப் புகழ்வர். பொருத்துவாயைப் புகழ்வார் இலர். பொருத்து எவ்வளவு செம்மையாக அமைகின்றதோ அவ்வளவுக்கு அது கண்ணுக்குப் புலப்படாது போகும். விவரணப் படங்களைத் தொகுப்போனின் நிலையும் இத்தகையதே.

உள்ளதை உள்ளவாறு காட்டுவதே விவரணப் படம் என்பர். ஆயினும், படம் பிடிப்போர் கொண்டுவரும் சுருள்களிலே நிகழ்ச்சிகள் உதிரிகளாகவே கிடக்கும். எதை முன்வைப்பது, எதைப் பின்வைப்பது, எதனை நீக்குவது என முடிவு செய்து அவற்றுக்குப் பொருள் தருபவன் தொகுப்பாளன். வரிசை மாறின் பொருளும் மாறும். அதனால் இவன் கையில் இருப்பது கத்தரிக்கோல் மட்டுமன்று. உண்மையும் இவன் பொறுப்பிலேயே இருக்கின்றது.

இத்தொழிலில் மேம்பட்டு விளங்கியவர் ஸ்ருவாட் மக்அலிஸ்ரர். இவர் 1914 இல் ஸ்கொத்லாந்திலே பிறந்தார். கிளாஸ்கோ ஓவியக் கல்லூரியிற் பயின்றார். 1937 இல் பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் திரைப்படக் குழுவிற் சேர்ந்தார். பசில் றைற் நம் நாட்டைப் பற்றி எடுத்த 'இலங்கையின் பாடல்' என்னும் படம் 1934 இல் நிறைவுற்றதும் இக்குழுவிலேதான். போர்க்காலத்தில் அக்குழு 'கிறவுண்' திரைப்படப் பிரிவு எனப் பெயர் பெற்றது.

1942 இல் வெளிவந்த 'பிரித்தானியாவைக் கேளுங்கள்' என்பது மக்அலிஸ்ரரின் ஆற்றலுக்குத் தக்க சான்று. ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் இப்படத்திலே காட்சிகளை விளக்கி உரைக்கும் குரல் இல்லை. புகைவண்டியின் ஓசை, நடன மண்டபத்தின் ஆரவாரம், தொழிற்சாலை இயந்திரங்களின் இரைச்சல் ஆகியவையே கதை சொல்லுகின்றன. தொழிலாளர் உணவுச்சாலையிலே எழுந்த பாட்டு ஓயும் வேளையிலே தேசிய ஓவியக்கூடத்தில் மைறா ஹெஸ் அம்மையார் வாசிக்கும் மொஸாட்டின் இசை தொடங்குகின்றது. அங்கே கேட்போர் நடுவே அரசியாரும் அமர்ந்திருக்கின்றார். உழைப்பாளியும் அரசியும் ஒரே நாட்டின் மக்கள் என எவரும் வாய்திறந்து கூறவில்லை; இரண்டு ஒலிகளை அடுத்தடுத்து வைத்த வரிசையே அதனைக் கூறிவிடுகின்றது. வானொலி கேட்டுப் பழகிய செவிகளுக்கு இவ்வித்தையின் அருமை எளிதிற் புலனாகும்.

அப்படத்தின் முகப்பிலே ஹம்பிறி ஜெனிங்சின் பெயரும் மக்அலிஸ்ரரின் பெயரும் இணைந்தே காணப்படுகின்றன. ஆயினும், காலஞ்செல்ல, புகழ் முழுவதும் இயக்குநர் ஜெனிங்சையே சார்ந்தது. கிறவுண் பிரிவு 1952 இல் மூடப்பட்டது. பின்னர்ப் பிரித்தானியப் போக்குவரத்துத் திரைப்படப் பிரிவிலே பணியாற்றிய மக்அலிஸ்ரர், 1962 இல், நாற்பத்தேழாம் வயதிற் காலமானார்.

அவருடைய பெயரை மீட்டவர் அதே தொழிலைச் செய்த மற்றொருவர். 1933 இற் பிறந்த டை வோன், தொலைக்காட்சி விவரணப் படங்களைத் தொகுப்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர். 1972 இல் றோஜர் கிறேவ் உருவாக்கிய 'சொற்களுக்கிடையிலான வெளி' என்னும் தொடரின் தொகுப்புப் பணியில் அவர் ஈடுபட்டார். குடும்பம், பள்ளிக்கூடம், தொழிலிடம் முதலிய இடங்களிலே மாந்தர் ஒருவரோடொருவர் உரையாடுவதை இடையூறின்றிப் பதிவு செய்த தொடர் அது. இத்தகைய படத்தைத் தொகுப்பவனுக்கு நெருக்கடி பெரிது. நீண்டதோர் உரையாடலைச் சுருக்காமலும் இருக்க முடியாது. சுருக்கும்போது பேசியவரின் கருத்தைத் திரிக்கவும் கூடாது. ஒரு தயக்கத்தை வெட்டியெறிந்தால், ஐயத்தோடு பேசியவர் உறுதியோடு பேசியவராகிவிடுவார்.

அந்நெருக்கடியை நாள்தோறும் அறிந்தவராதலால், மக்அலிஸ்ரரின் உழைப்பை அளந்தறியும் தகுதி வோனுக்கு இருந்தது. 1983 இல் அவர் மக்அலிஸ்ரரின் தொழில் வாழ்க்கையை நூலாக எழுதி, அதற்குக் 'கண்ணுக்குப் புலப்படாத மனிதனின் உருவப்படம்' எனப் பொருள்படும் தலைப்பை இட்டார். ஒரு படம் ஒருவரின் தனிச் சிந்தையிலிருந்து மட்டும் பிறப்பதன்று. தொகுப்பு மேசையிலும் அது பிறக்கின்றது என்பதை அந்நூல் நிலைநாட்டியது. வோன் 2012 இல் மறைந்தார்.

வரலாறும் ஒரு வகையிலே தொகுப்பே. எவர் பெயரை வைப்பது, எவர் பெயரை நீக்குவது என்பதில் அதுவும் தவறக்கூடும். அங்ஙனம் நீக்கப்பட்ட ஒரு பெயரை, ஒரு தொகுப்பாளர் எடுத்து உரிய இடத்திலே மீண்டும் பொருத்தினார். அவர் செய்த தொகுப்புகளுள் இதுவும் ஒன்றாக எண்ணத்தக்கது.