கைவினை நூலும் அதன் வாசகரும்: ஆனந்த குமாரசுவாமியின் அச்சக முயற்சி பற்றிய ஒரு நோக்கு

கலை நூல்களை வெளியிட்ட சிறு பதிப்பகங்களின் வரலாற்றை ஆராய்வோர் அந்நூல்களின் அழகினையே பெரிதும் விதந்துரைப்பர். அவை யாருடைய உழைப்பினால், எவருடைய பொருளைக் கொண்டு, யாருக்காக ஆக்கப்பட்டன என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டுவிடுகின்றன. ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூல் இவ்வினாக்களை நம்முன் நிறுத்துகின்றது.

இம்முயற்சியின் மூலத்தை இங்கிலாந்திலே தேடுதல் வேண்டும். 1891 இல் வில்லியம் மொறிஸ் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தை நிறுவினார். இலாப நோக்குடைய இயந்திர உற்பத்தி நூலின் தரத்தையும் தொழிலாளியின் ஆக்கத்திறனையும் ஒருங்கே சிதைத்ததென அவர் கருதினார். எழுத்துருவைத் தாமே வரைந்தார். கையாற் செய்த தாளில், கையால் இயக்கும் பொறியில் அச்சிடுவித்தார். 1896 இல் வெளிவந்த சோசர் தொகுப்பில் பேர்ண்-ஜோன்ஸ் வரைந்த 87 சித்திரங்கள் இடம்பெற்றன. தாளில் அச்சான 425 பிரதிகளுள் ஒன்றின் விலை 20 பவுண். அது அன்றைய தொழிலாளி ஒருவரின் பல வாரக் கூலியாகும். சமவுடைமைவாதியான மொறிஸின் நூல்கள் செல்வரின் நூலகங்களையே சென்றடைந்தன.

மொறிஸ் 1896 இல் மறைந்தார். 1898 இல் அச்சகமும் மூடப்பட்டது. அதன் அச்சுப்பொறிகளை வாங்கிய ஆஷ்பீ, எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தைத் தொடங்கினார். 1902 இல் அவரது கைவினைஞர் கழகம் இலண்டனிலிருந்து சிப்பிங் கம்ப்டனுக்குப் பெயர்ந்தது. எனினும், மலிவான பொருள்களின் போட்டிக்கு ஈடுகொடுக்க இயலாது சில ஆண்டுகளிலேயே அது நலிந்தது.

இந்நிலையிலேயே அவ்வச்சகம் குமாரசுவாமியிடம் வந்தது. 1877 இல் கொழும்பிற் பிறந்த அவர், இலங்கைக் கனிப்பொருளளவைப் பணியின் தலைவராயிருந்த காலத்தில் கண்டிப் பிரதேசக் கைவினைகளை ஆராய்ந்தார். பின்னர், புரோட் கம்ப்டனிலுள்ள தமது இல்லத்தில், சோசர் தொகுப்பினை அச்சிட்ட அதே பொறியில் தமது நூலை அச்சிடுவித்தார். இப்பணி ஏறத்தாழப் பதினைந்து மாதங்கள் நீடித்தது. இதுவும் 425 பிரதிகளே. நூலின் ஒளிப்படங்கள் பலவற்றை அவர் மனைவி எதெல் எடுத்தார்.

நூலின் உள்ளடக்கத்துக்கும் உற்பத்தி முறைக்கும் இடையே நெருங்கிய தொடர்புண்டு. கண்டிக் கைவினைஞர் பலர் ஊழியத்துக்கு ஈடாக நிலத்தை அனுபவித்தவர்கள். 1815 இல் கண்டியரசு வீழ்ந்ததும் அவர்களைப் பேணிய அமைப்புச் சிதைந்தது. இறக்குமதிப் பண்டங்கள் எஞ்சியதையும் தாக்கின. கலையின் வீழ்ச்சிக்குச் சுவைக்குறைவு மாத்திரமன்றிச் சமூக அடித்தளத்தின் தகர்வும் காரணம் என்பதை இந்நூல் புலப்படுத்துகின்றது.

ஆயின், அச்சமூக அடித்தளத்தைப் பேசிய நூல் எந்த அடித்தளத்தில் நின்றது? சந்தையிலிருந்து அதனைக் காத்தது குமாரசுவாமியின் பரம்பரைச் செல்வமே. எக்கைவினைஞரைப் பற்றி அது பேசியதோ, அவர்கள் கைக்கு அது எட்டவில்லை. அதன் மொழியும் அவர்களுடையதன்று. மொறிஸின் முரண்பாடு இங்கே குடியேற்றவாதச் சூழலில் மேலும் கூர்மையடைந்தது.

இதனால் அம்முயற்சி பயனற்றதாகிவிடாது. விற்பனையையே அளவுகோலாகக் கொண்டிருப்பின், மறைந்துகொண்டிருந்த தொழில்நுட்பங்கள் இத்துணை விரிவாகப் பதிவாகியிருத்தல் அரிது. 1956 இல் நியூயோர்க்கில் வெளிவந்த இரண்டாம் பதிப்பே நூலின் வாசகர் வட்டத்தை விரித்தது. கைப்பொறி நூலைக் காத்தது. மறுபதிப்பு அதனைப் பரப்பியது. தரமும் பரவலும் ஒன்றையொன்று விலக்காத பதிப்பு முறையை உருவாக்குவதே இவ்வரலாறு நமக்கு விட்டுச்சென்ற பணியாகும்.